குடியரசுத் தலைவரின் தெற்கு வீடு: பொல்லாரம் ராஷ்டிரபதி நிலையம், ஒரு மதிப்புரை

செகந்திராபாத்தின் வடக்கே பொல்லாரத்தில் இருக்கும் ராஷ்டிரபதி நிலையத்தை இன்று 50 ரூபாய் நுழைவுச் சீட்டில் யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். அரண்மனை பார்க்கும் ஆவலோடு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியரசுத் தலைவர் ஒருவர் தலைநகரை விட்டு நகரும்போது அவரோடு சேர்ந்து எதெல்லாம் நகர்கிறது, போய்ச் சேரும் இடத்தில் அவருக்காக எதெல்லாம் காத்திருக்க வேண்டும் என்று அறிய விரும்புகிறவருக்கோ, நம் நாட்டில் இதைவிடப் பொருத்தமாகத் திறந்துவிடப்பட்ட இடம் வேறில்லை என்பது என் கருத்து. ஆகவே இந்த மதிப்புரையை, ஒரு பழைய மாளிகைக்கும் தோட்டத்துக்கும் எழுதுவதாக எண்ணாமல், அரசமுறைப் பயணத்தின் ஒரு தங்குமிடத்துக்கு எழுதுவதாகவே எண்ணி எழுதுகிறேன்.

குடியரசுத் தலைவர் ஆண்டுதோறும் சில நாட்கள் தெற்கே வந்து தங்கி அலுவல் பார்ப்பது முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் காலத்திலிருந்து வரும் வழக்கம். தலைநகர் வடக்கே இருக்கும் நாட்டில், அதன் முதல் குடிமகன் தென்னாட்டிலும் வசிப்பவராகத் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் உண்டு. அதற்காக அரசு புதிதாக ஒரு மாளிகையைக் கட்டவில்லை. 1860-இல் நிஜாம் நசீருத்தௌலாவின் பெயரால் எழுந்ததாகக் குறிக்கப்படும் இந்த வீடு, நிஜாம் அரசில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்டின் புறநகர் இல்லமாக இருந்து, ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பிறகு குடியரசுத் தலைவரின் செயலகத்தின் வசம் வந்தது. பக்கத்தில் ஹக்கிம்பேட்டை விமானப் படைத் தளம் இருப்பதால், தலைவரின் விமானம் அங்கே இறங்கியதும் நகரின் நெரிசலுக்குள் நுழையாமலே வீட்டை அடைந்துவிடலாம். பொல்லாரத்தைச் சுற்றிப் படைத்துறையின் நிலங்களே பெரும்பாலும் பரந்து கிடக்கின்றன. பாதுகாப்பைக் கணக்கில் எடுத்து இடம் தேடும் ஒருவர் இன்று தேர்ந்தெடுத்தாலும் இந்த இடத்தையே தேர்ந்தெடுப்பார்.

வளாகத்தின் பரப்பு 90 ஏக்கர். வீடோ ஒரே தளம் கொண்டது, அறைகள் 11. டெல்லியின் ராஷ்டிரபதி பவனில் 340 அறைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறவருக்கு இது மாவட்ட ஆட்சியர் ஒருவரின் பழைய பங்களா போலத்தான் தோன்றும். தர்பார் கூடம், உணவுக் கூடம், திரைப்படம் பார்க்கும் அறை என்று பெயர்கள் பெரிதாக ஒலித்தாலும், அளவு எதிலும் மிரட்டுவதில்லை. எனக்கு இது குறையாகப் படவில்லை. மாறாக, ஆண்டின் பெரும்பகுதி ஆளில்லாமல் இருந்து, சில நாட்களுக்கு மட்டும் ஒரு நாட்டின் தலைமை அலுவலகமாக மாற வேண்டிய வீடு இந்த அளவில் இருப்பதே சரி. 340 அறைகளை ஆண்டுக்கு ஒரு வாரப் பயன்பாட்டுக்காகப் பராமரிக்கும் நிலை வந்திருந்தால், இந்த வழக்கமே எப்போதோ நின்று போயிருக்கும்.

வீட்டின் உட்புறத்தைப் பார்க்க அனுமதி உண்டு. உணவுக் கூடத்தையும் காணலாம். இங்கே நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது சமையலறைக்கும் உணவுக் கூடத்துக்கும் இடையிலான நிலத்தடிச் சுரங்கப் பாதை. சமையற்கட்டு வீட்டிலிருந்து விலகித் தனிக் கட்டடமாக இருக்கிறது. அடுப்பின் புகையும் சூடும் விருந்தினரை எட்டக் கூடாது, பணியாளர்கள் தட்டுகளோடு முற்றத்தைக் கடப்பதும் கண்ணில் படக் கூடாது என்ற காலனிய வீட்டு ஒழுங்கு அதில் தெரிகிறது. உணவு தரைக்கு அடியில் நடந்து வந்து மேசையில் தோன்றும். அந்தப் பாதையில் இப்போது பார்வையாளர்கள் நடந்து போகலாம் என்பதே இந்த இடத்தின் சிறந்த ஏற்பாடு. அரசமுறை விருந்துகளைப் பற்றிய செய்திகளில் நாம் மேசையை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். அதற்குப் பின்னால் ஓடும் கால்களின் வழியை இங்கே நாமே நடந்து அறிகிறோம்.

சுரங்கத்தின் சுவர்களில் தெலங்கானாவின் செரியால் ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார்கள். சிவந்த பின்புலத்தில் கதை மாந்தர்கள் வரிசை வரிசையாக நகரும் இந்த ஓவிய மரபு, ஊர் ஊராகச் சென்று கதை சொன்னவர்களின் சுருள் துணியிலிருந்து வந்தது. சுருளைச் சிறிது சிறிதாக விரித்துக் கதையை வளர்த்துச் சென்று, முடிந்ததும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வந்து தங்கிப் புறப்பட்டுச் செல்லும் தலைவர் ஒருவரின் வீட்டுக்கு இந்தக் கலையைத் தேர்ந்தெடுத்தவர் யாராயினும், பொருத்தம் தெரிந்து செய்தாரோ தற்செயலாகச் செய்தாரோ, தேர்வு கச்சிதமாக அமைந்துவிட்டது. நீளமான சுவரில் நடந்துகொண்டே பார்க்க வேண்டிய ஓவியம் என்பதால், சட்டத்தில் மாட்டிய படத்தைவிட இங்கே அதற்கு உயிர் கூடுதலாக இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

முற்றத்தை ஒட்டி அமைந்த அறிவுக் கூடத்தில் நிலையத்தின் வரலாறும் குடியரசுத் தலைவர்களைப் பற்றிய செய்திகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி மாணவர்களுக்கு இது போதும். பெரியவர்கள் உள்ளே நுழைவதற்கு முன் சில செய்திகளைத் தாமே தெரிந்துகொண்டு போனால்தான், காலியாகக் கிடக்கும் அறைகள் பொருள்படத் தொடங்கும். அவற்றில் சிலவற்றை இங்கே சொல்லிவிடுவது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

குடியரசுத் தலைவரின் பயணத்தைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பு அவருடைய ராணுவச் செயலரின் அலுவலகத்தைச் சேர்ந்தது. தலைவர் எங்கே போனாலும் தரைப்படை, கடற்படை, விமானப் படை அதிகாரிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மெய்க்காப்புத் துணை அதிகாரிகளில் (ஏ.டி.சி.) ஒருவர் சீருடையில் அவருக்கு அருகே நிற்பதை நாம் படங்களில் பார்த்திருப்போம். அவர்களோடு செயலக ஊழியர்கள், மருத்துவர், தகவல் தொடர்புப் பிரிவினர் என்று ஒரு சிறு அலுவலகமே உடன் நகர்கிறது. கோப்புகள் டெல்லியில் நின்றுவிடுவதில்லை. தலைவரின் கையொப்பம் வேண்டிய ஆணை பொல்லாரத்துக்கு வந்து கையெழுத்தாகித் திரும்ப வேண்டும். அந்த வகையில் இந்த 11 அறைகளில் எது படுக்கை, எது அலுவலகம் என்ற பாகுபாடு அந்த நாட்களில் நாம் எண்ணும் அளவுக்குத் துல்லியமாக இருக்க முடியாது.

தெற்குத் தங்கலை ஓய்வு என்று நினைப்பது வழக்கம். 2022 டிசம்பரில் திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராக முதன்முறை இங்கே தங்கியபோது என்ன செய்தார் என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். வந்து சேர்ந்த நாளிலேயே ஸ்ரீசைலம். அடுத்த நாட்களில் ஹைதராபாத்தில் கல்வி நிறுவன நிகழ்ச்சிகளும் தேசியக் காவல் அகாடமியும். பிறகு ஒரே நாளில் பத்ராசலம் கோயிலும், யுனெஸ்கோ பட்டியலில் 2021-இல் இடம்பெற்ற ராமப்பா கோயிலும். அதற்கடுத்து சம்ஷாபாத்தில் ராமானுஜரின் பெருஞ்சிலை. 2023 டிசம்பர்த் தங்கலில் பூதான் போச்சம்பள்ளிக்குச் சென்று நெசவாளர்களைச் சந்தித்தார். 2024-இல் ஆந்திரத்தின் மங்களகிரியில் எய்ம்ஸ் பட்டமளிப்பு விழாவிலும், செகந்திராபாத்தில் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரியிலும் கலந்துகொண்டார். அதாவது இது ஓய்வு இல்லம் என்ற பெயரில் இயங்கும் பாசறை. ஒவ்வொரு முறையும் டெல்லியிலிருந்து புறப்பட்டு வந்து திரும்புவதற்குப் பதிலாக, இங்கே ஒரு வாரம் கூடாரம் அடித்து இரண்டு மாநில நிகழ்ச்சிகளை முடித்துக்கொள்வது செலவிலும் அலைச்சலிலும் சிக்கனம்தான். வீட்டைச் சுற்றி வரும்போது இந்தக் கோணம் மனத்தில் இருந்தால், சாதாரணமான முன்கூடம் கூட, காலை நிகழ்ச்சிக்குக் கார்கள் வரிசையாகக் காத்திருந்த இடமாகத் தெரியத் தொடங்குகிறது.

உள்நாட்டுப் பயணம் வெளியிலிருந்து பார்ப்பதற்கு வழுவழுப்பாகத் தோன்றினாலும் எத்தனை மெல்லிய இழையில் நிற்கிறது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் உண்டு. 2023 மே மாதம் ஒடிசாவின் பாரிபதாவில், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் முர்மு உரையாற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது; அவர் இருட்டிலேயே பேச்சைத் தொடர்ந்தார். 2025 அக்டோபரில் சபரிமலைப் பயணத்தின்போது, பத்தனம்திட்டா மாவட்டம் பிரமாடத்தில் அவசரமாகப் போடப்பட்ட கான்கிரீட் தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கியதும் அதன் சக்கரம் அழுந்தி நின்றது. காவலரும் தீயணைப்புத் துறையினரும் கைகொடுத்துத் தள்ளி அதை நகர்த்திய காட்சியை நாடே பார்த்தது. அங்கிருந்து பம்பை வரை சாலை வழியாகவும், சன்னிதானம் வரை மலைப்பாதைக்கான தனி வண்டியிலும் அவர் சென்றார். கடைசி நேரத்தில் மாற்றப்படும் இறங்குதளம் எத்தகைய தலைவலி என்பது புரிந்தால், பொல்லாரம் போல் எழுபது ஆண்டுகளாகப் பழகிப்போன இடத்தின் அருமை தானே விளங்கும்.

ரயில் பயணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதைப் பற்றிப் பேசாமல் தலைவர்களின் உள்நாட்டுச் சுற்றுப்பயணத்தைப் பேச முடியாது. ராஜேந்திர பிரசாத் அடிக்கடி ரயிலில் சென்றவர். பிகாரில் தம் பிறந்த ஊரான ஜீராதேயிக்குச் சாப்ராவிலிருந்து தனி ரயிலில் போய் மூன்று நாள் தங்கியிருக்கிறார். பின்னர் விமானம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அப்துல் கலாம் 2006-இல் டெல்லியிலிருந்து டேராடூனுக்கு ராணுவ அகாடமி அணிவகுப்புக்காக ரயிலில் சென்ற பிறகு 15 ஆண்டுகள் எந்தக் குடியரசுத் தலைவரும் தனி ரயில் ஏறவில்லை. 2021 ஜூன் 25 அன்று ராம்நாத் கோவிந்த் சஃப்தர்ஜங் நிலையத்திலிருந்து கான்பூருக்குப் புறப்பட்டு, வழியில் ஜின்ஜக், ரூரா என்ற சிறு நிலையங்களில் இறங்கி, பள்ளிக் காலத்து நண்பர்களையும் பழைய அறிமுகங்களையும் சந்தித்தார். ஒரு தலைவர் தம் மக்களைச் சந்திப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று அன்றைய பகல் முழுவதும் எழுதினார்கள். அன்று மாலையே கான்பூரில் அவருடைய வாகன அணிக்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டதில் சிக்கி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு பெண் உயிரிழந்தார். காவல் துறை மன்னிப்புக் கேட்டது. கோவிந்த் தம் வருத்தத்தைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கச் செய்தார். ஒரே பயணத்தின் இந்த இரு முகங்களையும் சேர்த்து வைத்தே அரசமுறைப் பயணத்தை மதிப்பிட வேண்டும். விமானப் படைத் தளத்துக்குப் பக்கத்தில், ஊரின் முக்கியச் சாலைகளைத் தொடாமல் போய்ச் சேரக்கூடிய ஒரு வீட்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவதற்கும் இதுவே காரணம்.

தோட்டங்களுக்கு வருகிறேன். 7,000 சதுர மீட்டரில் 116 வகை மூலிகைச் செடிகளோடு ஒரு தோட்டம், 27 நட்சத்திரங்களுக்கு உரிய மரங்களை நட்ட நட்சத்திர வனம், மா, மாதுளை, கொய்யா, நெல்லி, சப்போட்டா, தென்னை நிற்கும் தோப்புகள் என்று எல்லாம் உண்டு. 2023 டிசம்பரில் புதிர்ப் பாதைத் தோட்டமும் குழந்தைகள் பூங்காவும் சேர்ந்தன. பழைய படிக்கிணறுகளைத் தூர்வாரி மரபு நீர்ப்பாசன முறையை மீட்டுக் காட்டியதும் அப்போதுதான். என் ரசனைக்குப் படிக்கிணறுகள் முதலிடம், மூலிகைத் தோட்டம் அடுத்தது. புதிர்ப் பாதைக்கு எந்த ஊர்ப் பூங்காவிலும் இடம் உண்டு, இங்கே அது தேவைப்படவில்லை. பார்க்க வேண்டியவை கூடிக்கொண்டே போகும்போது, வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வீட்டை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டுப் பூங்காவில் அமர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. குடும்பத்தோடு ஒரு பிற்பகலைக் கழிக்க வருகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்லக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வளாகத்தில் நிற்கும் 120 அடி உயரமான மரக் கொடிக்கம்பம் பழைய கொடிக்கம்பம் ஒன்றின் மறுவடிவம். 1948-இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்ததை நினைவூட்டுவதற்காக நிறுத்தப்பட்டது. 2023 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஹைதராபாத் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் இதற்காகவே வரலாம். மற்றவர்களுக்கு, இந்த வீடு நிஜாம் ஆட்சியிலிருந்து குடியரசுக்கு எப்படிக் கைமாறியது என்பதை ஒரே பார்வையில் நினைவுபடுத்தும் அளவில் அது போதுமானது.

நடைமுறைச் செய்திகள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பெல்லாம் டிசம்பர்த் தங்கல் முடிந்த பிறகு, ஜனவரித் தொடக்கத்தில் இரண்டு வாரம் மட்டும் தோட்டத்தைத் திறந்துவிடுவார்கள். அதற்கு ஊரே திரண்டு வரும். 2023 மார்ச் 22, உகாதி நாளில் முர்மு காணொலி வழியே தொடங்கிவைத்ததிலிருந்து ஆண்டு முழுவதும் பார்க்க முடிகிறது. திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் தவிர்த்துக் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். மாலை 4 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 250 ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்யலாம், வாயிலிலும் சீட்டு வாங்கலாம். வண்டி நிறுத்துமிடம், பொருள்களை வைத்துவிட்டுப் போகும் அறை, சக்கர நாற்காலி, குடிநீர், கழிப்பறை, சிற்றுண்டிச் சாலை, நினைவுப் பொருள் கடை, முதலுதவி ஆகியவற்றோடு, கட்டணமின்றி வழிகாட்டியும் உண்டு. 90 ஏக்கர் என்பதை மறந்துவிட்டு, வெயில் ஏறிய ஏப்ரல், மே மாதங்களில் முதியவர்களை நண்பகலில் அழைத்துப் போவது வேண்டாம். வழிகாட்டியைக் கேட்டுப் பெறுங்கள். இந்த வீட்டில் அறைகள் தாமே பேசுவதில்லை, சொல்பவர் ஒருவர் வேண்டும்.

ஒரே ஒரு முரண் உறுத்துகிறது. தக்காணத்தில் நடந்து திரிவதற்கு ஏற்ற பருவம் டிசம்பர். அந்த மாதத்தில்தான் தலைவர் வருவதால் பார்வையாளருக்குக் கதவு அடைபடும். வருகைக்கு முன்னேற்பாடு செய்யும் நாட்களும் அதில் சேரும். பாதுகாப்புக் காரணத்தால் இதை மாற்ற முடியாது. எனினும், ஊரைப் பொறுத்தமட்டில் அந்த வீடு உண்மையாகவே இயங்கும் ஒரே வாரத்தில் அதைப் பார்க்க முடியாது என்பது, சமையல் நடக்கும் நேரத்தில் மட்டும் மூடியிருக்கும் உணவகத்துக்குப் போனது போன்ற உணர்வைத் தருகிறது.

இதே நோக்கில் திறக்கப்பட்ட, குடியரசுத் தலைவரின் மற்றொரு வீடு சிம்லாவுக்கு அருகே மஷோப்ராவில் இருக்கிறது. 1850-இல் மரத்தாலும் மண்ணாலும் எழுப்பப்பட்ட அந்த இல்லம் 2023 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டட அழகு என்று பார்த்தால் மஷோப்ரா முந்திவிடும். தேவதாருக் காட்டுக்கு நடுவே நிற்கும் வீட்டோடு போட்டியிடப் பொல்லாரத்தால் முடியாது. ஆனால் தலைவரின் பயணத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சமையற்கட்டும் சுரங்கமும் உள்ள பொல்லாரமே மேல். சிம்லா வரை போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: வைஸ்ராய்களின் கோடை மாளிகையாக இருந்து குடியரசுத் தலைவருக்கு உரியதான பெரிய கட்டடத்தை, திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தம் பதவிக் காலத்தில் கல்விக்கென்று விட்டுக்கொடுத்தார்; 1965 அக்டோபரில் அங்கே இந்திய உயர் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. தலைவர்களுக்கு எத்தனை வீடுகள் தேவை என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தலைவர் செயலால் சொன்ன விடை அது. பொல்லாரமும் மஷோப்ராவும் இன்று சீட்டு விற்றுத் திறந்திருப்பதை அந்த விடையின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி இந்த வீட்டில் தேடக் கூடாது. அது வேறு கணக்கு. குடியரசுத் தலைவர் தாமாக ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துப் புறப்படுவதில்லை. அரசின் வெளியுறவுத் தேவையை ஒட்டி, அரசின் ஆலோசனைப்படியே போகிறார். ஆதலால் பிரதமர் செல்ல வாய்ப்பு அமையாத நாடுகள் பல அவர் பங்குக்கு வருகின்றன. கோவிந்தின் முதல் வெளிநாட்டுப் பயணம் 2017-இல் ஜிபூட்டிக்கும் எத்தியோப்பியாவுக்கும். முர்மு 2024 ஆகஸ்டில் பிஜி, நியூசிலாந்து, கிழக்குத் திமோர் ஆகியவற்றுக்கும், அக்டோபரில் அல்ஜீரியா, மொரித்தானியா, மலாவி ஆகியவற்றுக்கும், 2025 நவம்பரில் அங்கோலா, போட்ஸ்வானாவுக்கும் சென்றார். இவற்றில் பல நாடுகள் அதற்கு முன் ஓர் இந்தியக் குடியரசுத் தலைவரைக் கண்டதில்லை. செலவு பற்றிய கேள்வி எப்போதும் கூடவே வரும். பிரதிபா பாட்டீலின் 12 பயணங்களுக்கு, 22 நாடுகளுக்கு, 205 கோடி ரூபாய் செலவானதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2012-இல் வெளிவந்தபோது எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். கேட்பது சரியே, ஆனால் குடியரசுத் தலைவரின் அலுவலகச் செலவு அரசமைப்பின் 112-ஆம் உறுப்பின்படி, அரசின் பொதுக் கருவூலமான தொகுநிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்படுவது, நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. வெளிநாட்டுப் பயணச் செலவோ பல அமைச்சகங்களின் கணக்கில் பரவிக் கிடப்பது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது குடிமக்களுக்கு எளிதாக இல்லை என்பதே உண்மையான குறை. தனி விமானத்தைப் பார்த்தால் வரும் கோபம் அதற்கு அடுத்தபடிதான். அந்த விமானம் பற்றிச் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு: புதிய போயிங் 777 விமானத்தில் குடியரசுத் தலைவரின் முதல் பயணம், 2020 நவம்பர் 24 அன்று, திருப்பதிக்குப் போகும் வழியில் டெல்லியிலிருந்து சென்னைக்குத்தான் நடந்தது.

தலைவர்கள் பயணங்களிலும் சந்திப்புகளிலும் பெற்ற அன்பளிப்புகள் என்ன ஆகின்றன என்று கேட்கிறவர்களுக்கு இ-உபஹார் என்ற இணைய ஏலச் சேவையைச் சொல்வேன். முர்மு 2024 ஜூலை 25 அன்று தொடங்கிவைத்தார். அவருக்கும் முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கும் வந்த பொருள்களில் தேர்ந்தெடுத்த சில, அந்த ஆகஸ்டில் ஏலத்துக்கு விடப்பட்டன. வரும் தொகை உதவி தேவைப்படும் குழந்தைகளுக்குச் செல்கிறது. பெட்டகத்தில் தூசு படிந்து கிடப்பதைக் காட்டிலும் இது பல மடங்கு மேல். எல்லா அன்பளிப்பையும் ஏலம் விட முடியாது என்பது வேறு: 2025-இல் போட்ஸ்வானா இந்தியாவுக்கென்று அடையாளமாக ஒப்படைத்தவை எட்டுச் சிவிங்கிப்புலிகள்.

பொல்லாரத்துக்கே திரும்பி மதிப்பெண் சொல்ல வேண்டுமென்றால், ஐந்துக்கு நான்கு தருவேன். அதில் ஒன்றரை சுரங்கப் பாதைக்கும் செரியால் ஓவியங்களுக்கும், ஒன்று கட்டணத்துக்கும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதற்கும், ஒன்று வீட்டின் எளிமையைக் கெடுக்காமல் வைத்திருப்பதற்கும், எஞ்சிய அரை படிக்கிணறுகளுக்கும். விடுபட்ட ஒன்றை, இந்த வீட்டில் தங்கிய தலைவர்கள் அந்த நாட்களில் எங்கெங்கே போனார்கள், யாரைச் சந்தித்தார்கள், எந்தக் கோப்பில் கையெழுத்திட்டார்கள் என்பதை ஆண்டு வாரியாக ஒரு சுவர் முழுவதும் எழுதிவைத்தால் தருவதற்கென்று வைத்திருக்கிறேன். ராஜேந்திர பிரசாத்தில் தொடங்கி முர்மு வரை எழுதினால், எந்தக் காலத்தில் யார் எந்த ஊருக்கு மட்டும் போகவில்லை என்பதும் அதில் தெரிந்துவிடும். போகிறவர்கள் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதேனும் ஒரு நாளில், காலை 10 மணிக்கே வாயிலில் நிற்பது நல்லது. முதலில் வீடு, பிறகு சுரங்கம், அதற்குப் பின் தோட்டம் என்ற வரிசையில் பார்த்தால் வெயிலுக்கு முன் நிழலுக்கு வந்துவிடலாம்.